சிலுவைப்போர் நாடுகளில் கலையும் வாழ்வும்

1099 ஜூலையில் ஜெருசலேமைக் கைப்பற்றிய சிலுவைப்போர்ப் படைகள் அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் பெருந்திரளாகக் கொன்றன. அதன்பின் அவ்விரு மதத்தாரும் நகருக்குள் குடியிருக்கத் தடை விதிக்கப்பட்டது. இத்தனை கொடுமையில் தொடங்கிய ஜெருசலேம் அரசும், எடெஸ்ஸா, அந்தியோக்கியா, திரிப்போலி ஆகிய அண்டை ஆட்சிகளும் காலப்போக்கில் அரபு, கிரேக்கம், ஆர்மீனியம், சிரியாக், லத்தீன், பிரெஞ்சு மொழிகள் புழங்கும் நிலமாயின. பிராங்குகள் எனப்பட்ட மேற்கு ஐரோப்பியர் அங்கே சிறுபான்மையினர். சமையல் முதல் வரிக்கணக்கு வரை உள்ளூர் மக்களை நம்பித்தான் அவர்கள் வாழ வேண்டியிருந்தது.

முதலில் மாறியது வீட்டுப் பழக்கம். சிரியப் பிரபுவான உசாமா இப்னு முன்கித், அந்தியோக்கியாவில் வாழ்ந்த ஒரு முதிய பிராங்கு வீரரைப் பற்றித் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அந்த வீரர் வீட்டில் எகிப்தியப் பெண்கள்தான் சமைத்தார்கள். பன்றி இறைச்சிக்கு அங்கே இடமில்லை. 1184-இல் அக்கோ துறைமுகத்துக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், சுங்கச்சாவடியின் கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் பேசிக் கணக்கெழுதுவதைக் கண்டார். அறிவுத் துறையிலும் கொள்வினை இருந்தது. அல்-மஜூசியின் அரபு மருத்துவ நூலை 1127 வாக்கில் அந்தியோக்கியாவில் ஸ்டீபன் என்பவர் லத்தீனில் பெயர்த்தார்.

இந்தக் கலப்பின் உச்சம் ஜெருசலேம் அரசி மெலிசெண்டின் சங்கீதப் புத்தகம். அரசியின் தந்தை பிராங்கு மன்னர், தாய் ஆர்மீனியர். 12-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியில் ஜெருசலேமில் உருவான அந்த நூலின் ஜெபங்கள் லத்தீனில் உள்ளன. நாட்காட்டியில் இங்கிலாந்தின் புனிதர்கள் வருகிறார்கள். கிறிஸ்துவின் வாழ்வைக் காட்டும் 24 முழுப்பக்க ஓவியங்களோ பைசாந்தியப் பாணியில் அமைந்தவை. அவற்றில் ஒன்றில் பசிலியஸ் என்ற ஓவியர் கையொப்பமிட்டிருக்கிறார். அட்டையில் தாவீதின் கதை யானைத் தந்தத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு மரபுகள் ஒரே நூலில் இயல்பாகப் பொருந்தியிருப்பதற்கு நிகரான படைப்பு அக்காலத்தில் அரிது. இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பெத்லெகேம் பிறப்பிடத் தேவாலயத்தின் 1169-ஆம் ஆண்டு மொசைக் வேலையும் இவ்வகையே. பைசாந்தியப் பேரரசர், ஜெருசலேம் மன்னர், உள்ளூர் ஆயர் ஆகிய மூவர் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

வணிகத்தின் தேவை இன்னும் தூரம் சென்றது. பிராங்குகள் அச்சிட்ட பொற்காசுகள் எகிப்தின் பாத்திமிய ஆட்சியாளர்களின் தினார்களைப் பார்த்துச் செய்தவை. அவற்றில் இஸ்லாமிய நம்பிக்கை வாசகமும் இருந்தது. 1250-இல் போப்பின் தூதர் இதைக் கண்டு முறையிட, போப் அதைக் கண்டித்தார். மறு ஆண்டு முதல் அக்கோவின் காசுகளில் சிலுவையும் கிறிஸ்தவ விசுவாச வாசகமும் இடம்பெற்றன. எழுத்து மட்டும் அரபியாகவே நீடித்தது.

இந்த நெருக்கத்தைச் சமத்துவம் என்று எண்ணுவது தவறு. 1120-இல் நாப்லஸில் கூடிய சபை, முஸ்லிம்களுடன் உடலுறவு கொள்ளும் பிராங்குகளுக்குக் கடும் தண்டனை விதித்தது. முஸ்லிம்கள் பிராங்கு உடை அணியவும் தடை செய்தது.

1291 மே மாதம் அக்கோ எகிப்தின் மம்லூக்குகளிடம் வீழ்ந்தது. ஆயினும் லூசிஞான் மன்னர்களின் ஆட்சியில் பிராங்கு மரபு 15-ஆம் நூற்றாண்டு வரை சைப்ரஸில் தொடர்ந்தது. அவர்கள் காலத்தில் நிக்கோசியாவிலும் ஃபமகுஸ்தாவிலும் எழுந்த கோதிக் பேராலயங்கள் ஒட்டோமானியர் வெற்றிக்குப்பின் மசூதிகளாயின. இன்றும் அவை மசூதிகளாகவே இருக்கின்றன.