காயலான் கடை மேகம்: ஃபாக் பெட்டி செய்கிறவர்கள் கவனத்துக்கு

ரிசப்ஷனில் மணமக்கள் மேகத்தின் மேல் நடந்து வருவது சின்ன ஊர் மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. லோ ஃபாக் மெஷினின் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் காயலான் கடைக்குப் போய்ச் சாமான் பொறுக்கி, தாங்களே ஒரு பெட்டியைச் செய்துவிடுகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். எதைக் கொண்டு செய்கிறோம், உள்ளே எதைப் போடுகிறோம் என்பதில்தான் வில்லங்கம்.

சாதாரண ஃபாக் மெஷினில் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த திரவம் சூடாகி ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் நுண்துளிகளாகிறது. சூடு இருப்பதால் மேலே எழும்பிவிடும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே விட்டுக் குளிரவைத்தால் கனத்துத் தரையோடு தவழும். மீன் மார்க்கெட்டில் கழித்துப்போட்ட தெர்மாகோல் பெட்டி, உள்ளே கோழி வலையைச் சுருட்டி ஒரு குழாய், அதைச் சுற்றி ஐஸ், இரண்டு முனையிலும் ஓட்டை, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. அவ்வளவுதான். மெஷினின் மூக்கைப் பெட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் தெர்மாகோல் உருகும், தீயும் பிடிக்கும். சில அங்குலம் இடைவெளி வேண்டும். உருகிய தண்ணீர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் ஓடாதபடி வாட்டம் பார்த்து வையுங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது.

ஆசிட்டோ பூச்சிமருந்தோ வந்த பேரல் மலிவாகக் கிடைக்கும். எத்தனை தடவை கழுவினாலும் அது இந்த வேலைக்கு ஆகாது. பழைய ஃபிரிட்ஜை அறுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பல மாடல்களில் இருப்பது ஐசோபியூட்டேன், எளிதில் பற்றும் வாயு. கதவோடு மூலையில் போட்டுவைத்தாலும் ஆபத்துதான். கைவிட்ட ஃபிரிட்ஜுக்குள் குழந்தைகள் சிக்கி மூச்சுமுட்டி இறந்ததால், கதவு உள்ளிருந்தும் திறக்கும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-ல் சட்டமே போட்டார்கள்.

பெரிய ஆபத்து ட்ரை ஐஸ். ஐஸ் போட்டுப் புகை போதவில்லை என்றதும் கை அங்கேதான் போகிறது. அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி. வெறும் கையால் எடுத்தால் தோல் உறைந்து வெந்துபோகும். ஒரு கிலோ கரைந்தால் 500 லிட்டருக்கு மேல் வாயு. பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு ஜன்னல் சாத்தியிருக்கும்போது 5 கிலோ போட்டால் அறைக்காற்றில் பத்தில் ஒரு பங்கை அந்த வாயு நெருங்கும். அந்த அளவில் சில நிமிடங்களில் மயக்கம் வரும். வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் கீழே தங்கும். மேகத்தைப் பிடிக்கத் தரையில் உருளும் பிள்ளைகளின் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நீச்சல் குளத்தில் சுமார் 25 கிலோ ட்ரை ஐஸைக் கொட்டி மூன்று பேர் இறந்தார்கள். 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில், சாப்பிட்டபின் வாயில் போட்டுக்கொள்ளக் கொடுத்தது ட்ரை ஐஸ். போட்டவர்கள் ரத்தம் கக்கினார்கள். மிஞ்சியதை மூடிய பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். மொட்டைமாடியில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் கரையவிடுங்கள்.

திரவத்துக்கும் ஒரு வார்த்தை. ரேடியேட்டர் கூலன்ட்டையும் டீசலையும் ஊற்றிப் பார்க்கும் வீரர்கள் இருக்கிறார்கள். ஒன்று விஷம், மற்றது தீ. சரியான திரவமே ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பலாம், முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

யாராவது மயங்கினால் உடனே கதவுகளைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். புகை தேங்கிய பள்ளத்துக்குள் நீங்களும் இறங்கிவிடாதீர்கள். ட்ரை ஐஸ் பட்ட இடத்தைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

காசு கொடுத்து அமர்த்திய டெக்கரேஷன்காரரின் அஜாக்கிரதையால் காயம் என்றால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு. பணம் கட்டியவரோடு, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெற்றவரும் நுகர்வோரே. நண்பர் இலவசமாகச் செய்து தந்தது இதில் வராது; அதற்கு சிவில் கோர்ட்தான். உயிருக்கு ஆபத்து விளைவித்த கவனக்குறைவுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் போலீஸ் புகார் தரலாம். உயிரே போனால் 106-வது பிரிவு. பெட்டியையும் கேனையும் அள்ளிப்போக விடுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். பில், வாட்ஸ்அப்பில் பேசியது, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் தொலைக்கக் கூடாது. முதலில் 1915 என்ற எண்ணுக்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

முன்பணம் கொடுக்கும்போதே டெக்கரேஷன்காரரிடம் கேளுங்கள்: உள்ளே போடப்போவது ஐஸா, ட்ரை ஐஸா? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.