உள்ளத்தின் சமநிலை

உணர்ச்சியின்றி மனித வாழ்வில்லை. மகிழ்ச்சியும் துயரமும், சினமும் அச்சமும் மாறிமாறி எழுதல் இயல்பே. அவை நிகழ்ச்சிக்குத் தக்க அளவில் எழுந்து, தக்க காலத்தில் தணியுமாயின் உள்ளம் சமநிலையில் உள்ளது என்போம். சிறு காரணத்துக்குப் பெருஞ்சினம் மூளுமாயின், அல்லது காரணம் நீங்கிய பின்னும் அச்சம் நீங்காதிருக்குமாயின், அச்சமநிலை குலைந்துவிட்டது என்பது பொருள்.

இக்குலைவை அறிவது எங்ஙனம்? தொல்காப்பியம் உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, அவற்றை மெய்ப்பாடு என்னும் பெயரால் வழங்குகின்றது. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் வெளிப்படும் என்பதே அப்பெயரின் கருத்து. இக்கால உடற்றொழிலியலும் இதனை வலியுறுத்துகின்றது. ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ற்றர் கனன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சினமும் அச்சமும் எழும்போது சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரீனலினைக் குருதியிற் சேர்ப்பதையும், அதனால் இதயம் விரைந்து துடிப்பதையும், செரிமானம் தடைப்படுவதையும் விளக்கினார். போரிடுவதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் இது. கந்தோரில் இருப்பவருக்குப் போருமில்லை, ஓட்டமுமில்லை. ஆயத்தம் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

மேலதிகாரியின் கடுஞ்சொல்லைக் கேட்டு வாய் திறவாதிருந்த ஒருவர் மாலையில் வீடு திரும்புகின்றார். பிள்ளை தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுகின்றது. உடனே அவர் கையை ஓங்குகின்றார். பிள்ளையின் பிழை ஒரு செம்புத் தண்ணீரளவே. சினமோ பகல் முழுவதும் திரண்டது. சினத்தை அடக்கிவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அதனை இடம் மாற்றியே வைத்திருந்தார்.

நம்மிற் பலர் தவறுவது இங்கேதான். அடக்கமுடைமைக்கும் வெகுளாமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்த நாம், அடக்கமாவது உணர்ச்சியை மறைத்தல் என்று கொண்டுவிட்டோம். மறைத்தல் வேறு, ஆளுதல் வேறு. ஆள்வதற்கு முதலில் அறிதல் வேண்டும்.

ஆதலின், நெஞ்சு படபடக்கும்போதும் தாடை இறுகும்போதும் சற்று நின்று, எழுந்துள்ள உணர்ச்சி யாதென நம்மையே வினவுதல் நன்று. சினமெனத் தோன்றுவது அவமானமாகவோ அச்சமாகவோ இருத்தல் கூடும். உணர்ச்சியைச் சொல்லாற் குறிப்பிடும்போது மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி குறைவதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அடுத்து, மூச்சை மெல்ல நீள வெளியிடுக. இதயத் துடிப்புத் தணியும். சினத்தில் எழுதிய கடிதத்தை மறுநாட் காலை வரை அனுப்பாது வைத்திருக்க. நாள்தோறும் சிறிது தூரம் நடத்தலும், போதிய உறக்கமும், நம்பத்தக்க நண்பரோடு மனம்விட்டுப் பேசுதலும் பெருந்துணையாகும். மது துணையன்று, அது உறக்கத்தைக் கெடுத்து, மறுநாட் கலக்கத்தை மிகுவிக்கும்.

இவை மட்டும் போதாத நிலையும் உண்டு. இரு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நீங்காமை, உறக்கமும் பசியும் குன்றுதல், விரும்பிய செயல்களிலும் நாட்டமின்மை ஆகியவை தொடருமாயின் வைத்தியரை நாடுதல் வேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றுமாயின் ஒரு நாளும் தாழ்த்தல் ஆகாது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவியை 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தின் வாயிலாகப் பெறலாம். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாத நாம் இதற்கு மாத்திரம் நாணுவதேன்?

பரீட்சையிற் பின்தங்கிய மாணவன் ஒருவன் தலைகுனிந்து நம்முன் நிற்கும்போது, "பொறுத்துக்கொள்" என்னும் ஒரு சொல்லோடு அவனை அனுப்பிவிடுதல் எளிது. அவனை அருகிருத்தி, அவன் சொல்வதை முற்றக் கேட்டலே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பழைய மாணவராகிய நமக்கும் உரிய கடன். தன் உள்ளத்தை ஆளக் கற்றவனே பிறர் உள்ளத்துக்கும் செவிசாய்க்க வல்லவனாவான்.