திறன்பலகை வாங்குவதற்கு முன் ஆசிரியரைக் கேளுங்கள்

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டங்களில் இப்போது தவறாமல் வரும் தீர்மானம் ஒன்று உண்டு. வகுப்பறைக்கு ஒரு திறன்பலகை, இல்லாவிட்டால் பெரிய தொலைக்காட்சி, அல்லது பத்து மடிக்கணினிகள். நன்கொடையாளர் ஒருவர் கிடைப்பார். மாலை மரியாதையோடு ஒப்படைப்பு நடக்கும். படமும் பத்திரிகையில் வரும். ஆனால், அடுத்த திங்கட்கிழமை காலை எந்த ஆசிரியர், எந்தப் பாடத்தில், எப்படி அதைப் பயன்படுத்தப் போகிறார் என்று எழுந்து கேட்பவர் அரிது.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஆனால் இவை எல்லாம் ஒரே மாதிரியான பள்ளிகள் அல்ல. ஈப்போ நகரிலும் சுங்கை சிப்புட்டிலும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகள் உள்ள பெரிய பள்ளிகள் உண்டு. மறுபக்கம், பெயரில் இன்னும் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போயின. பள்ளி மட்டும் சில பிள்ளைகளோடு நின்றது. 150 மாணவர்களுக்கும் குறைவாக இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்து நடத்துகிறார்கள்.

இப்படிப்பட்ட பள்ளியில் ஏழெட்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். வகுப்பாசிரியர், பாடநூல் இரவல் திட்டப் பொறுப்பாளர், புறப்பாடச் செயலாளர், நூலகப் பொறுப்பாளர் எல்லாம் ஒரே ஆள். கணினிப் பொறுப்பும் அவர் தலையில்தான். மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து 'பள்ளிக்கு ஒருவர் பயிற்சிக்கு வரவும்' என்று கடிதம் வந்தால், போகிறவரும் பெரும்பாலும் அவரே. அன்று அவர் வகுப்பை யார் பார்ப்பது என்பது தனித் தலைவலி.

நம் நாட்டில் கருவிகள் வராமல் இல்லை. அலை அலையாக வந்தன. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, அப்பாடங்களைப் போதித்த ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, ஒளிபடக் கருவி, பாட வட்டு எல்லாம் கொடுக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் பெற்றன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. வட்டுகள் அலமாரிக்குள் போயின.

அடுத்தது 1பெஸ்தாரிநெட். 10,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இணையமும், 'ஃபுரோக்' எனும் இயங்கலைக் கற்றல் தளமும் தருவது திட்டம். 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அத்தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்படுத்திய அளவைப் பார்த்தது. 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரைதான். 2019 நடுப்பகுதியில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அமைச்சு கூகுள் கிளாஸ்ரூம் பக்கம் திரும்பியது. தளத்தில் சிரமப்பட்டுப் பயிற்சிகளை ஏற்றி வைத்திருந்த ஆசிரியர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆசிரியர்களுக்குப் புதுத் திட்டம் என்றாலே ஒரு சலிப்பு வருவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, இந்த அனுபவம்தான்.

பிறகு 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளிகள் மூடப்பட்டன. அமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. அந்த ஆண்டு ஜூனில் டெலிமா தளம் வந்தது. 2021 வரவு செலவுத் திட்டத்தில், சுமார் 500 பள்ளிகளுக்கு 150,000 மடிக்கணினிகள் தரும் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023 நவம்பரில் மின்னிலக்கக் கல்விக் கொள்கையும் வெளியானது. இப்போது நாம் நிற்பது அந்தக் கட்டத்தில்.

பயிற்சியே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசு ஊழியர் ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி 2005 முதலே இருக்கிறது. சிக்கல் பயிற்சியின் அமைப்பில் இருக்கிறது. மாநிலத்தில் சிலர் கற்கிறார்கள். அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்லித் தருகிறார்கள். மாவட்டத்தில் கற்றவர் பள்ளிக்குத் திரும்பி, மாலையில் அரைமணி நேரக் கூட்டத்தில் சக ஆசிரியர்களுக்குச் சொல்கிறார். மேலே குடம் நிறைய ஊற்றியது வகுப்பறைக்கு வரும்போது ஒரு கரண்டி. கற்று வந்தவருக்கு அடுத்த ஆண்டு இடமாற்றம் கிடைத்துவிட்டால் அந்தக் கரண்டியும் இல்லை. பெரிய பள்ளியில் இரண்டாவது ஆள் இருப்பார். தோட்டப் பள்ளியில் இருக்க மாட்டார்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே இதைப் பற்றி எழுதினார்கள். விளக்கம் கேட்டாலும், செய்து காட்டப் பார்த்தாலும் புதிய முறை வகுப்பறைக்குள் வருவது குறைவு. ஆசிரியர் தன் வகுப்பில் முயலும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து தொடர்ந்து உதவினால்தான் அது நிலைக்கிறது என்பது அவர்கள் கண்டது. நம் மாவட்டக் கல்வி இலாகாக்களில் 2014 முதல் நாடு முழுவதும் பணியமர்த்தப்பட்ட எஸ்.ஐ.எஸ்.சி. பிளஸ் பயிற்றுநர்களின் வேலையே இதுதான்: பள்ளிக்கு நேரில் போய் ஆசிரியரோடு உட்காருவது. ஆகவே வழி தெரியாமல் இல்லை. தொழில்நுட்பம் என்று வந்தால் மட்டும் நாம் பொட்டலத்தைப் பிரிப்பதோடு நின்றுவிடுகிறோம்.

பணம் இருந்தால் இதெல்லாம் தானே சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்க்கலாம். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. 2013இல் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் தருவதற்காக, இணைய வசதியையும் சேர்த்து, சுமார் 130 கோடி டாலர் திட்டம் போட்டார்கள். கருவி கைக்கு வந்த சில நாளிலேயே மாணவர்கள் பாதுகாப்புத் தடையை உடைத்து வெளித்தளங்களுக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. கேரளா வேறு வழியில் போனது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டத்தில் பள்ளி ஆசிரியர்களையே தேர்ந்தெடுத்து முதன்மைப் பயிற்றுநர்களாக்கினார்கள். மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருவதே அவர்கள் வேலை. அத்திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது.

தமிழ்ப்பள்ளிக்கு இன்னொரு தேவையும் உண்டு. பயிற்சிக் கையேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வகுப்புக்கு வேண்டிய பயிற்றியைத் தமிழில் ஆசிரியரே தயாரிக்க வேண்டும். பல பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பயிற்றிகள் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றத் தெரிந்தால் ஒரு பள்ளியின் பத்தாண்டு உழைப்பு பிழைக்கும். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். அப்படியிருந்தும் தமிழ்த் தட்டச்சைப் பயிற்சியின் முதல் பாடமாக வைப்பவர் சிலரே.

தனித்தனியாக நிற்பதால் சிறிய பள்ளிகள் களைத்துப் போகின்றன. பாகான் டத்தோ பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தின் பிரிவுகளில் இருப்பதைப் போல, அருகருகே பள்ளிகள் உள்ள இடங்களில் நான்கைந்து பள்ளிகள் ஒரே குழுவாகலாம். ஒரு பள்ளியில் நான்காம் ஆண்டுக் கணிதத்துக்குத் தயாரித்தது மற்ற நான்குக்கும் போகும். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் குழுவில் அறிவு தங்கும். மாநிலத்துக்குள்ளேயே ஈப்போவில் ஆசிரியர் கல்விக் கழகமும், தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பயிற்சி ஆசிரியர்களை இத்தகைய குழுக்களுக்கு அனுப்பக் கேட்பதில் தவறில்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கருவி பற்றிய தீர்மானம் வந்தால், பெற்றோர் எழுந்து கேட்க வேண்டியவை சில. இதை முதலில் பயன்படுத்தப் போகும் இரண்டு ஆசிரியர்கள் யார்? அவர்களைக் கேட்டார்களா? பயிற்சிக்குப் பிறகு மூன்று மாதம் யார் வந்து பார்ப்பார்? திரட்டும் பணத்தில் பழுதுபார்ப்புக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு ஒதுக்கீடு? இரண்டாம் ஆண்டுப் பிள்ளை டெலிமா கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மாற்றித் தர, பொறுப்பாசிரியருக்கு நேரம் இருக்கிறதா? தலைமையாசிரியரைக் குறுக்கு விசாரணை செய்யும் கேள்விகளாக இவை இருக்கக் கூடாது. பல தலைமையாசிரியர்கள் இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

முதலில், பள்ளியில் ஏற்கெனவே உள்ள கருவிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது ஓடுகிறது, எது பழுது, எது பெட்டியிலேயே இருக்கிறது என்று பக்கத்தில் குறித்தால் ஒரு மாலை வேலை. சில பள்ளிகளில் புதுத் திறன்பலகை வாங்கவே வேண்டியிருக்காது.