விளையாட்டில் விளையும் பண்பு

'விளையாட்டு' என்றதும் பாண்டியும் பல்லாங்குழியும் கயிறாட்டமும் நம் நினைவுக்கு வரும். 'வீடியோ விளையாட்டு' என்றாலோ, "கண் கெட்டுவிடும், படிப்புக் கெட்டுவிடும்" என்னும் பெரியோரின் எச்சரிக்கையே முதலில் காதில் ஒலிக்கும். அந்த எச்சரிக்கை பொய்யன்று. ஆயினும், நல்ல பண்புகளைப் பழக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட வீடியோ விளையாட்டுகளும் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். அவற்றை இதுவரை தொட்டும் பாராத தோழியருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இவ்விளையாட்டுகள் கணக்கையோ இலக்கணத்தையோ கற்பிப்பதில்லை. பின் எதைத்தான் கற்பிக்கின்றன? அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'காசெல்' என்னும் கல்வி அமைப்பு, மாணவர்க்கு வேண்டிய மனப் பண்புகளை ஐந்து திறன்களாக வகுத்துள்ளது. தன் மனத்தை அறிதல், அதை ஆளுதல், பிறர் மனத்தை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல் ஆகியவையே அவை. இவற்றுள் இரண்டைப் பழக்கும் இரு விளையாட்டுகளை இங்குக் காண்போம்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் பழமொழி. இதையே அடிப்படையாகக் கொண்டது 'கிரிஸ்டல்ஸ் ஆஃப் கேடார்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஓர் ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். விண்கலம் உடைந்து, அறியாத கோள் ஒன்றில் விழுந்துவிட்ட ஓர் எந்திர மனிதனாக நாம் ஆடவேண்டும். அங்குள்ளோர் பேசும் மொழி நமக்குப் புரியாது. அவர்கள் முகத்தைப் பார்த்தே கோபமா, அச்சமா, துயரமா, அது எவ்வளவு என்று கண்டறிந்து பழகினால்தான் கலத்தின் பாகங்களைத் தேடிச் சேர்க்க முடியும். 2018ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், இரண்டு வாரம் இதை ஆடிய சிறுவர்களின் மூளையில், பிறர் உணர்வை அறிவதோடு தொடர்புடைய பகுதிகளில் மாற்றம் காணப்பட்டது. ஆனால், அத்திறன் எல்லாரிடமும் வளர்ந்துவிடவில்லை. இதை நாம் மறத்தலாகாது.

அடுத்தது 'குவாண்டரி'. 2012ஆம் ஆண்டு இலவசமாக வெளியிடப்பட்டது. 'பிராக்சோஸ்' என்னும் கோளில் குடியேறிய சிறு கூட்டத்திற்கு நாமே தலைவர். அதில் ஒரு கதையில் ஊர்க் கிணறு கெட்டுவிடுகிறது. நல்ல நீர் உள்ளது ஒருவரின் சொந்தக் கிணற்றில் மட்டுமே. என்ன செய்வது? குடியேறியோர் ஒவ்வொருவர் கூறுவதையும் கேட்டு, எது உண்மை, எது வெறும் கருத்து, எது தீர்வு என்று பிரித்த பின்னரே முடிவு கூறவேண்டும். எல்லாருக்கும் பிடித்த முடிவு என்று ஒன்று அதில் இல்லை.

நாங்கள் நால்வர் சேர்ந்து இதை ஆடினோம். கிணற்றுக்காரர் பேசும் முன்பே, "பிடுங்கி எல்லாருக்கும் கொடுத்துவிடலாம்" என்று தீர்ப்பளித்துவிட்டோம். விளையாட்டோ அவர் பக்கத்தையும் கேட்கச் செய்தது. அப்போது எங்களுள் ஒருத்தி, "போன மாதம் அவளையும் இப்படித்தானே செய்தோம்?" என்றாள். அறை நிசப்தமாயிற்று. வகுப்பில் ஒரு பேனா காணாமற் போனபோது, ஒரு வார்த்தை கேளாமல் ஒரு தோழியைப் பழித்திருந்தோம். பேனா பின்னர் ஒரு புத்தகத்தினுள்ளேயே கிடைத்தது. அவளோ எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு வர எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. கேட்டதற்குப் புள்ளிகள் எவையும் கிடைக்கவில்லை. அவள் உடனே சிரித்துவிடவும் இல்லை. மறுவாரம் மதிய உணவு வேளையில் தானாகவே எங்கள் அருகில் வந்து அமர்ந்தாள்.

புதிதாகத் தொடங்கும் தோழியருக்குச் சில குறிப்புகள்: பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்து ஒப்பிய விளையாட்டையே தேர்ந்தெடுங்கள். தனியே ஆடாமல் இருவராக அமருங்கள். ஒரு பொத்தானை அழுத்தும் முன், 'ஏன் இதைத் தேர்ந்தேன்?' என்று மற்றவளுக்குக் காரணம் கூறுங்கள். அரைமணி நேரத்தோடு நிறுத்துங்கள். முகம் தெரியாதவரோடு ஆட நேர்ந்தால் பெயர், முகவரி, புகைப்படம் எதையும் கொடாதீர்கள். ஆடி முடித்ததும், 'இன்று வகுப்பில் இதை யாரிடம் செய்யலாம்?' என்று ஒரு நிமிடம் சிந்தியுங்கள்.

அந்த ஒரு நிமிடமே இதில் முக்கியம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதது போல், திரையில் காட்டிய இரக்கம் மட்டும் யாருடைய கண்ணீரையும் துடைக்காது. இயேசு பிரான் கூறிய நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் கண்டார், லேவியனும் கண்டான். அருகில் சென்றவனோ சமாரியன் ஒருவனே. துயரப்படும் முகத்தை அறிய விளையாட்டு நமக்குக் கற்றுத் தரலாம். அருகில் செல்லவேண்டியவர் நாமே அன்றோ? செல்வோமாக!