உங்கள் விருப்பம் எந்தப் பாட்டு?

“இப்போது உங்கள் வீட்டில் என்ன பாட்டுக் கேட்கிறீர்கள்?”

இந்தக் கேள்வியை வீட்டு எஜமானரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய பாடகர் ஒருவரின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். கல்லூரியில் படிக்கும் பிள்ளை போன வாரம் வந்த படத்தின் பெயரைச் சொல்வான். வீட்டு அம்மாளைக் கேட்டாலோ, “எனக்கென்ன, அவர்கள் வைப்பதைக் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்!

அவளுக்கென்று ஒரு பாட்டு இல்லாமலா போயிற்று? இருக்கிறது. ‘உனக்கு எது வேண்டும்?’ என்று கேட்கத்தான் ஆள் இல்லை. ஒரு காலத்தில் ஆள் இருந்தது; அதுவும் கடலுக்கு அப்பால் இருந்தது!

சுவருக்கு அந்தப் பக்கம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது காரியாபட்டி. 1950-களிலும் 60-களிலும் இதுபோன்ற ஊர்களில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் அது தெருவுக்கே பொது. தபாலாபீசில் லைசென்சுப் பணம் கட்டுவது ஒரு குடும்பம். பாட்டுக் கேட்பது பத்துக் குடும்பம். குமிழைத் திருகியதும் பாடிவிடாது. உள்ளே வால்வு சூடாக வேண்டும். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் தகவல் போய்விடும்.

“மதினி, பாட்டுப் போடப் போறான். கேக்குதா?”

“கேக்குது தாயி, இன்னும் கொஞ்சம் கூட்டி வை!”

சிவகாசி, சாத்தூர் பக்கம் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டிய பெண்களுக்குக் கைக்குத்தான் ஓய்வில்லை. காதுக்கு யார் தடை சொல்ல முடியும்?

கொழும்பு கூப்பிட்டது

திருச்சி வானொலி நிலையம் 1939-லேயே வந்துவிட்டது. கர்நாடக சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1952-ல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அகில இந்திய ரேடியோவில் அந்தப் பாட்டுக்கள் அருகிப் போயின. ஜனங்கள் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. ரேடியோ முள்ளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள், அவ்வளவுதான்!

முள் போய் நின்ற இடம் ரேடியோ சிலோன். 1950-ல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது அந்த நிலையம். எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் நம் தென் ஜில்லாக்களில் வீட்டு மனிதர் குரலாகவே ஆகிவிட்டது. ரசிகர்கள் போன திசையைப் பார்த்து டில்லியும் விழித்துக்கொண்டது. 1957-ஆம் வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி பிறந்தது.

பாட்டைவிடப் பெரிய கவர்ச்சி ஒன்றும் இருந்தது. அதுதான் நேயர் விருப்பம். எந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதிப் போட்டால், கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, தொட்டிலில் தூங்கும் குழந்தை என்று பட்டியல் சில சமயம் பல்லவியைவிட நீளமாக இருக்கும்!

சிரிக்க வேண்டாம், சகோதரிகளே. கணவன் பெயரை மனைவி சொல்ல மாட்டாள். மனைவியைக் கணவன் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். ஊரார் ‘இன்னாரின் அம்மா’ என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு பெண்ணின் பெயர் கடல் தாண்டிப் போய், அவள் விரும்பிய பாட்டோடு தெருவெல்லாம் கேட்கும்படி திரும்பி வந்தது. இது சின்ன விஷயமா?

வடக்கேயும் இதே கதைதான். அப்போது பீகாரில் இருந்த ஜும்ரி தலையா (இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது) அப்பிரகம் வெட்டியெடுக்கும் சிறிய ஊர். அங்கிருந்து ரேடியோ சிலோனுக்கும் விவித பாரதிக்கும் குவிந்த விருப்பக் கடிதங்களாலேயே அதன் பெயர் தேசமெங்கும் பிரசித்தமாயிற்று. படத்தில் தேடினாலும் அகப்படாத ஊரைப் பாட்டுக் கேட்டே பிரபலமாக்கிவிட்டார்கள்!

ஆளுக்கொரு காதுமணி

இன்று லைசென்சும் இல்லை, வால்வும் இல்லை. நினைத்த பாட்டு நினைத்த நொடியில் கைப்பேசியில் வருகிறது. கோடைப் பண்பலைக்கு நேயர்கள் போன் போட்டுப் பேசியிருக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வைத்தால், அவன் மனநிலை இன்னதென்று தாய் இங்கே தெரிந்துகொள்கிறாள்.

சௌகரியம் பெருகியது வாஸ்தவம். ஆனால் வீட்டுக்குள்ளே நாலு பேர் நாலு காதுமணி மாட்டிக்கொண்டு நாலு உலகத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை எதைக் கேட்டுத் தனியே கண் கலங்குகிறான் என்று அம்மாவுக்குத் தெரியாது. பழைய ரேடியோவின் கரகரப்பில் இந்த ரகசியங்கள் தாமாகவே வெளியாகிக்கொண்டிருந்தன.

ஒரு யோசனை. வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாடு முடிந்ததும், அரை மணி நேரம் காதுமணிகளை மேஜை அறைக்குள் வைத்துவிடுங்கள். ஒரே ஒரு போனைக் கூடத்தின் நடுவில் வையுங்கள். ஆளுக்கொரு பாட்டு. அது ஏன் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறர் தேர்வைக் கேலி செய்யக் கூடாது; பாட்டி கேட்டாலும் சரி, பேரன் கேட்டாலும் சரி, பாட்டு முடியும்வரை எழுந்து போகக் கூடாது.

முதல் விருப்பம் யாருடையது என்று கேட்கிறீர்களா? அடுப்படியில் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாளே, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள்!