மாறும் முன்பே திறந்த கதவு



ஆகஸ்ட் 27 புனித மோனிக்கா திருநாள். மறுநாள் அவருடைய மகன் புனித அகுஸ்தினார் திருநாள். அந்தத் தாயின் கண்ணீரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். மகனின் 16ஆம் வயதைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை.

அந்த ஓராண்டு அவர் படிப்பு நின்று, தகாஸ்தே ஊரில் வீட்டோடு இருந்தார். கார்த்தேஜ் நகருக்கு மேற்படிப்புக்கு அனுப்பத் தந்தை பத்ரீசியுஸ் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். மகனுக்கு வேலை இல்லை, கூட்டாளிகள் உண்டு. ஓர் இரவில் அடுத்தவர் மரத்துப் பேரிக்காய்களைத் திருடி, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசினார்கள். வசதிக்கு மீறிப் படிக்க வைத்த தந்தையை ஊர் புகழ்ந்தது. மகனின் நடத்தையைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்று பின்னாளில் அகுஸ்தினாரே எழுதினார். டியூஷனுக்கும் நீட் பயிற்சிக்கும் கடன் வாங்கும் நம்மை இது சற்றுச் சுடும்.

மோனிக்கா தனியாக அழைத்துப் புத்தி சொன்னார். பெண்கள் சொல்லும் புத்திக்குக் கீழ்ப்படிவதே வெட்கம் என்று மகன் ஒதுக்கிவிட்டார். பெற்றோரே, நல்லதை நல்ல விதமாகச் சொல்லியும் பிள்ளை கேட்காமல் போவதுண்டு. புனிதையின் வீட்டிலும் அதுதான் நடந்தது.

சில ஆண்டுகளில் மகன் மனிக்கேயக் கொள்கையில் சேர்ந்தார். மனம் நொந்த தாய், அவரைத் தம்மோடு வீட்டில் இருக்கவும் உடன் அமர்ந்து உண்ணவும் விடவில்லை. பிறகு ஒரு கனவு வந்தது. அதைக் கடவுள் தந்த ஆறுதலாக ஏற்று, மகனை மீண்டும் சேர்த்துக்கொண்டார். மகன் அப்போது மாறியிருக்கவில்லை. மாற இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் சோற்றுக்கு அழைத்தார்.

மகனிடம் பேசும்படி ஓர் ஆயரையும் அவர் கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது எதுவும் ஏறாது, மன்றாடினால் போதும், படிக்கப் படிக்கத் தானே தெளிவார் என்பது அவர் எண்ணம். அவரே சிறுவயதில் அக்கொள்கையில் வளர்ந்து, தாமே படித்து வெளியேறியவர். நாமோ பங்குத்தந்தை, மாமா, டியூஷன் மாஸ்டர் என்று எல்லோரிடமும் “நீங்க கொஞ்சம் சொல்லுங்க” என்கிறோம். ஒரே தவறுக்குப் பிள்ளை நான்கு பேரிடம் திட்டு வாங்குகிறது. அந்த நால்வரிடம் சொல்வதை இரவு செபத்தில் ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் காதில் விழும்படி அல்ல, தனியாக.

387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில், மிலான் நகரில், ஆயர் அம்புரோசின் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். பேரிக்காய் திருடி ஏறத்தாழ 16 ஆண்டுகள் கடந்திருந்தன. கடல் கடந்து மகனைத் தேடி வந்த மோனிக்காவும் அப்போது அவரோடு இருந்தார்.