கடல் விட்டுப்போன துறைமுகம்: லீவுக்குச் செலவில்லாத மூணு நாள்

மே மாசம் பிறந்தால் எங்க வீட்டில் ஒரே கேள்விதான். "மாமா, இந்த லீவுக்கு எங்க கூட்டிட்டுப் போவீங்க?" கேட்பது அக்கா பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தது ஆறாம் வகுப்பு முடித்த பொண்ணு, இளையவன் ஒன்பது வயசுப் பையன்.

2024 கோடையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. முந்தின டிசம்பரில் வந்த வெள்ளம் வடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்று பயணிகள் மாட்டிக்கொண்டதும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அத்தான் போட்டிருந்த வாழை முழுக்கப் போய்விட்டது. தீம் பார்க் பேச்சே எடுக்க முடியாது. "செலவு இல்லாம எங்கயாவது கூட்டிட்டுப் போ தம்பி, வீட்டுல இருந்தா செல்லைத்தான் நோண்டுதுக" என்றாள் அக்கா.

"உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு துறைமுகத்தைக் காட்டுறேன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆழ்வார்திருநகரியில் பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி, ஏரல் போய், அங்கிருந்து கிழக்கே கொற்கை. இறங்கினதும் பையன் நாலா பக்கமும் பார்த்தான். குளம், வயல், வாழை, ரெண்டு கோயில்.

"துறைமுகம்னு சொன்னீங்க. கடல் எங்க மாமா?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மூணு நாள் சுற்றினோம். நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதற்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள்: கொற்கை

கொற்கை பாண்டியர்களின் துறைமுகம். சங்கப் பாடல்களில் அதன் முத்து பேசப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற வணிகக் கையேடு இதைக் 'கொல்கி' என்கிறது. பாண்டிய நாட்டைச் சேர்ந்தது, முத்துக்குளிப்பு நடக்கும் இடம், தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்தெடுக்கிறார்கள் என்றும் சொல்கிறது. பொண்ணு இந்தக் கைதி விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் 'போர் அடிக்குது' என்று சொல்லவே இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். மேலே வண்டல், அதற்கடியில் கடல் சிப்பிகள். 1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் கட்டுமானம், உறைகிணறு, சங்குகள் கிடைத்தன. கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. 2021இலும் அகழாய்வு நடந்தது.

இன்று பார்க்க என்ன இருக்கிறது? குளக்கரையில் வெற்றிவேலம்மன் கோயில், அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில், ஊரார் ரெண்டாயிரம் வருசம் என்று சொல்லும் வன்னி மரம். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். துறைமுகம் போனாலும், காசு அடித்த இடத்தின் பேர் சாமி பேரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எதற்கும் டிக்கெட் கிடையாது.

சரி, கடல் எங்கே? கொற்கையிலிருந்து இப்போது ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் தானாகப் பின்வாங்கிப் போகவில்லை. ஆறு மண்ணைக் கொண்டுவந்து தள்ளி, கடலைத் தூர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தோம். பழைய தண்ணீர் பாட்டிலில் ஒரு கைப்பிடி வயல் மண், முக்கால் பாட்டில் தண்ணீர். நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தோம். மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்தது. அதன்மேல் வண்டல் மெதுவாகப் படிந்தது. களி மறுநாள் காலையிலும் முழுசாகத் தெளியவில்லை. தண்ணீர் ஓடுகிற வரைக்கும் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும், நின்றால் போட்டுவிடும். தாமிரபரணி பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. ரெண்டு பருவமழையும் அதற்கு உண்டு. மலையில் வேகமாக இறங்கும் ஆறு, நம்ம பக்கம் வரும்போது தரை தட்டையாகி வேகம் குறைகிறது. மன்னார் வளைகுடாவோ ஆழமில்லாத கடல். ஆறு அங்கே போய் மூட்டையை இறக்கி வைக்கிறது. ஆயிரக்கணக்கான வருசம் இப்படி இறக்கினால் கடல் இருந்த இடம் வயலாகும்.

இரண்டாம் நாள்: காயல்

துறைமுகம் தூர்ந்தால் வியாபாரி சும்மா இருப்பானா? கடலைத் தொடர்ந்து அவனும் கிழக்கே போனான். அடுத்த துறைமுகம் காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதியது இந்தப் பகுதியைத்தான். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்ததைச் சொல்கிறார். அது பழையகாயல் என்பது கால்டுவெல் கருத்து. காயல்பட்டினம்தான் என்று சொல்வோரும் உண்டு. எங்க ஊர் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் ஏறினால் காயல்பட்டினம் வழியில்தான் வரும். நாங்கள் பழையகாயலைத் தேர்ந்தெடுத்தோம்.

பழையகாயலும் இப்போது கரையில் இல்லை. கொற்கைக்கு நடந்ததுதான் இதற்கும் நடந்தது. அங்கிருந்து ஆத்தூர் போய், கிளைச்சாலையில் புன்னைக்காயல் போனோம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் முதலில் நிலைகொண்டது அங்கேதான். ஆறு கடலில் கலப்பதை அங்கே நின்று பார்க்கலாம். கழிமுகத்தில் மணல் திட்டுகள் தெரியும். கொற்கையை மூடியது எது என்று கேட்டால் கையை நீட்டி அதைத்தான் காட்ட வேண்டும்.

பையன் ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "அப்பா வயல் மண்ணும் இங்கதான் வந்திருக்குமா மாமா?"

வந்திருக்கும் என்றேன். வேறு என்ன சொல்ல. அத்தானின் வயலே ஒருகாலத்தில் ஆறு கொண்டுவந்து போட்ட மண்தான், போன டிசம்பரில் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ராத்திரி அதையே அவன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள்: தூத்துக்குடி

காயல் போனது, புன்னைக்காயலும் நிலைக்கவில்லை. போர்த்துகீசியர் தூத்துக்குடிக்கு மாறினார்கள். தூத்துக்குடி மட்டும் எப்படித் தப்பித்தது? அங்கே பெரிய ஆறு எதுவும் கடலில் கலக்கவில்லை என்பது முக்கியக் காரணம். எதிரே இருக்கும் தீவுகள் அலையையும் தணிக்கின்றன.

ஆனாலும் அங்கேயும் கரையோரக் கடல் ஆழமில்லைதான். பழைய காலத்தில் கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போடும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இப்படிப்பட்ட துறையில்தான். பெரிய கப்பல் கரைக்கு வர, ஒவ்வொன்றும் சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள ரெண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்ட வேண்டியிருந்தது. 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குக் காட்ட: கடற்கரைச் சாலையிலிருந்து தெரியும் தோணிகள், 1713இல் கட்டிய பனிமய மாதா கோயில், சாயங்காலம் புதுத் துறைமுகக் கடற்கரை. கப்பல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் பையன், "இது நிஜத் துறைமுகம்" என்று ஒத்துக்கொண்டான். "கொற்கையும் இப்படித்தான்ல இருந்திருக்கும்" என்றாள் அக்கா பொண்ணு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூணு நாள் அலைந்தது.

கிளம்பும் முன்

ஒரே நாளில் மூணையும் முடிக்க நினைக்காதீர்கள். மே வெயிலில் பிள்ளைகள் வாடிப்போகும். காலை ஆறரைக்குக் கிளம்பி, மத்தியானத்துக்குள் வீடு திரும்புங்கள். தூத்துக்குடிக்கு மட்டும் சாயங்காலம் நல்லது. சாப்பாடு வீட்டிலிருந்து, தண்ணீர் ஆளுக்கு ரெண்டு பாட்டில்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. ஐந்து வயசு வரை குழந்தைகளுக்கும் கிடையாது. மூணு நாளும் அக்காவும் வந்தாள். டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறியதால் எனக்கும் பையனுக்கும்தான் பெரும்பாலும் டிக்கெட்.

கொற்கையில் வயலோரம் ஓடு, சங்குத் துண்டு தட்டுப்பட்டால் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், அங்கேயே விட்டுவிடட்டும். எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

கழிமுகத்தில் குளிக்க விடாதீர்கள். அங்கே இழுப்பு அதிகம்.

கடைசியாக ஒன்று. மார்க்கோ போலோ இந்தக் கடலில் முத்துக்குளிப்பு ஏப்ரலில் தொடங்கி மே நடுவரை நடக்கும் என்கிறார். அதாவது சரியாக நம்ம பிள்ளைகளின் லீவுக் காலம். ஒருகாலத்தில் இந்த மாதங்களில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்த கரை இது. நமக்கு அது ஒரு டவுன் பஸ் தூரம். போய்ப் பார்த்துவிட்டு வாங்க.